பெப்ரவரியில் கைவிடாத ட்ரெட்மில்
ரொறன்ரோவில் குளிர்காலம் முழுவதும் ஓட நினைக்கும் தமிழ் ஓட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான ஓட்டத் தோழர்களே, தோழிகளே,



ரூஜ் ஆற்றங்கரையிலும் ஹைலண்ட் க்ரீக் பாதையிலும் மார்க்கம் மில்ன் அணைப் பூங்காவிலும் கோடை முழுக்க ஒன்றாக ஓடினோம். ஒக்டோபர் முடிகிறது. டிசம்பரில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஜனவரி தொடக்கத்தில் காலை எட்டு மணியாகும் விடிய. இடையில் கிடைக்கும் பகல் வேலைத்தலத்துக்குப் போய்விடும். நடைபாதையில் பகலில் உருகிய பனி இரவில் கண்ணாடி போல் இறுகிக் கிடக்கும்.

ஆனால் நம்மில் பலர் பெயர் கொடுத்திருக்கும் 'அரவுண்ட் த பே' ஓட்டம் இதற்கெல்லாம் காத்திருக்காது. ஹமில்டனில் மார்ச் கடைசியில் நடக்கும் இந்த 30 கிலோமீற்றர் ஓட்டம் 1894இல் தொடங்கியது; பொஸ்டன் மரதனைவிட மூன்று வயது மூத்தது. அதன் கடைசிப் பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கே கால் தளராமல் ஏறவேண்டுமானால் டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி மூன்று மாதமும் உருப்படியாக ஓடியிருக்க வேண்டும். ஆண்டின் மிக மோசமான மூன்று மாதங்கள்தாம் நமக்கு மிக முக்கியமான மூன்று மாதங்கள்.

அதனால்தான் உங்களில் பலர் இப்போது ட்ரெட்மில் வாங்கப் பார்க்கிறீர்கள். எதை வாங்கலாம் என்று என்னிடமும் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதுவது நல்லது என்று தோன்றியது.

நான் சொல்ல வருவது இதுதான்: திரையைப் பார்த்து ட்ரெட்மில் வாங்காதீர்கள். பெல்ட்டுக்குக் கீழே இருப்பதைப் பாருங்கள். அதை வைக்கப்போகும் இடத்தைப் பாருங்கள். பழுதானால் வீடு தேடி வந்து திருத்தக்கூடிய ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இயந்திரம் பெப்ரவரி நடுவில் நின்று, உதிரிப்பாகம் வர நான்கு கிழமை ஆகும் என்று சொல்லப்பட்டால், மார்ச் ஓட்டம் உங்கள் கையைவிட்டுப் போனதாகத்தான் அர்த்தம்.

வெளியே ஓடுவதுதான் ஓட்டம், உள்ளே ஓடுவது பாசாங்கு என்று நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு அலாஸ்காவின் அங்கரேஜ் நகரத்து மருத்துவர் கிறிஸ்டின் கிளார்க்கை நினைவூட்ட விரும்புகிறேன். நோயியல் மருத்துவர், இரண்டு பிள்ளைகளின் தாய். அலாஸ்காவின் குளிர்கால ஓட்டத்தில் பெரும்பகுதியை வீட்டு ட்ரெட்மில்லில் முடித்தவர். 2000 பெப்ரவரியில் தென் கரோலினாவில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் மரதன் தெரிவுப் போட்டியை 2 மணி 33 நிமிடம் 31 செக்கனில் வென்றார். அதே ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அதைவிட வேகமாக, 2 மணி 31 நிமிடம் 35 செக்கனில் ஓடி 19ஆவதாக வந்தார். 1985இல் லண்டனில் 2 மணி 21 நிமிடம் 6 செக்கனில் ஓடி மரதன் உலக சாதனை படைத்த நோர்வேயின் இங்ரிட் கிறிஸ்டியான்செனும் குளிர்காலத்தில் ட்ரெட்மில்லை நம்பியவர்தான். இவர்களை ஓடாதவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நம் கூட்டத்துக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். இரவு ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் வருபவர்கள் இருக்கிறார்கள். தாதியர் இருக்கிறார்கள். கைக்குழந்தையைத் தூங்கவைத்த பிறகுதான் சப்பாத்தைக் கட்ட முடிகிற தாய்மார் இருக்கிறார்கள். இருட்டில் பள்ளத்தாக்குப் பாதையில் தனியே ஓட விரும்பாத பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பாததற்கு நியாயமான காரணம் உண்டு. இவர்களுக்கு வீட்டு ட்ரெட்மில் ஆடம்பரப் பொருள் அல்ல. அது இல்லையென்றால் நான்கு மாதம் ஓட்டமே இல்லை. ஆகவே அது நம்பத்தக்கதாக இருந்தாக வேண்டும்.

வீட்டு ட்ரெட்மில் பிறந்த கதை எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்பதையும் சொல்லித்தரும். 1968இல் மருத்துவர் கென்னத் கூப்பர் 'ஏரோபிக்ஸ்' நூலை வெளியிட்டார். அதைப் படித்த நியூ ஜேர்சி பொறியியலாளர் வில்லியம் ஸ்டோப், மருத்துவமனைகளில் இருந்த விலை உயர்ந்த இயந்திரத்தைச் சாதாரண வீட்டுக்குக் கொண்டுவர முடியும் என்று எண்ணிச் செய்துபார்த்தார். அதிலிருந்து வந்ததுதான் 'பேஸ்மாஸ்டர் 600'. திரை இல்லை, பாட்டு இல்லை; இயக்கவும் நேரம் வைக்கவும் சில குமிழ்கள் மட்டும். ஸ்டோப் 2012இல் 96ஆவது வயதில் காலமானார். அவர் செய்த இயந்திரத்தின் சாரம் இன்றும் மாறவில்லை: ஒரு மோட்டார், ஒரு பெல்ட், அதைத் தாங்கும் பலகை, இரு பக்க உருளைகள். குளிர்காலத்தைத் தாண்டுமா தாண்டாதா என்பதை முடிவுசெய்பவை இவைதான்.

முதலில் மோட்டார். பெட்டியில் 4 குதிரைவலு, 5 குதிரைவலு என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண பிளக், 120 வோல்ட், 15 அம்பியர். அதாவது 1800 வாட். ஒரு குதிரைவலு 746 வாட். வகுத்தால் 2.4 குதிரைவலுதான் வரும். அதற்குமேல் அந்தச் சுவர் தொடர்ந்து தராது. ஆகவே பெட்டியில் இருக்கும் பெரிய எண் பெரும்பாலும் ஒரு கணம் எட்டக்கூடிய உச்சத்தைச் சொல்வது. நீங்கள் கேட்கவேண்டியது வேறு: "இது தொடர்ந்து ஓடும்போது தாங்கும் வலுவா, உச்ச வலுவா?" தொடர்வலு 3 என்று தரப்பட்ட மோட்டார் ஓடுபவருக்குப் பொதுவாகப் போதும். அந்த எண்ணும் மோட்டாரின் தாங்குதிறனைத்தான் சொல்கிறது; சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தை அல்ல. தாங்குதிறன் கூடிய மோட்டார் அதே வேலையைச் சூடேறாமல் செய்யும். கடைக்காரரால் இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியாவிட்டால் அந்த இயந்திரத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்தது பெல்ட். நடப்பவருக்கு 50 அங்குலமே போதும். ஓடுபவருக்கு 60 அங்குல நீளமும் 20 முதல் 22 அங்குல அகலமும் வேண்டும். இதைவிடக் குறைந்தால் நீங்கள் அறியாமலே எட்டைக் குறுக்குவீர்கள். மூன்று மாதம் குறுக்கிய எட்டோடு ஓடிவிட்டு மார்ச் மாதம் வெளியே போனால் தொடையின் பின்தசை அதை நினைவூட்டும். கட்டிலுக்குக் கீழே தள்ளிவைக்கக்கூடிய மெல்லிய நடைப்பலகைகள் இப்போது மலிவாக வருகின்றன. மேசையில் வேலைசெய்தபடி நடப்பதற்கு அவை நல்லவை. ஓட்டப் பயிற்சிக்கு ஆகாது.

பெல்ட்டுக்குக் கீழே இருக்கும் பலகையைக் கடையில் யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு எட்டிலும் நம் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு விசை அதன்மேல் இறங்குகிறது. பலகை ஓர் அங்குலத் தடிப்பில் இருந்தால் நல்லது. உருளைகளின் விட்டம் இரண்டரை அங்குலத்தை ஒட்டியிருந்தால் நல்லது. சின்ன உருளையில் பெல்ட் கூர்மையாக வளைந்து திரும்புவதால் விரைவில் தேயும். தாங்கிகளும் வேகமாகச் சுழன்று சூடேறும். இயந்திரத்தின் மொத்த எடையையும் கேளுங்கள். நூறு கிலோவுக்கு மேலிருந்தால் நீங்கள் வேகமெடுக்கும்போது அது ஆடாது. தாங்கும் எடை என்று நிறுவனம் சொல்லும் எண் உங்கள் எடையைவிட நன்றாக மேலே இருக்கட்டும். 80 கிலோ உள்ளவர் 100 கிலோ தாங்கும் இயந்திரத்தை வாங்கினால் அதை ஒவ்வொரு நாளும் எல்லைக்குப் பக்கத்திலேயே வேலைவாங்குகிறார்.

இனி வீட்டுக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோர் பேஸ்மென்டில்தான் வைக்கப்போகிறோம். வாங்குவதற்கு முன் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கீழே போங்கள். பழைய ஸ்காபரோ வீடுகளில் கூரை ஏழு அடி, அதாவது 84 அங்குலம் இருக்கலாம். நீங்கள் ஐந்தடி ஒன்பது அங்குலம் என்று வையுங்கள், 69. இயந்திரத்தின் படி உயரம் 8. ஓடும்போது உடல் மேலெழும்ப ஒரு 4. மொத்தம் 81. மூன்று அங்குலம்தான் மிச்சம். இப்போது 12 விழுக்காடு ஏற்றம் வையுங்கள். 60 அங்குல பெல்ட்டின் முன்பக்கம் ஏழு அங்குலம் உயரும். நீங்கள் ஓடுவது முன்பாதியில். தலை கூரையில் இடிக்கும். வெப்பக்குழாய்க்காகக் கூரை இன்னும் தாழ்ந்திருக்கும் மூலையானால் சமதரையில் ஓடினாலே இடிக்கும்.

அடுத்து மின்சாரம். ட்ரெட்மில்லுக்கு என்று தனி சர்க்கியூட் இருப்பதுதான் சரி. பேஸ்மென்டில் ஒரே சர்க்கியூட்டில் ஆழ்குளிர்ப் பெட்டியும் 1500 வாட் அறைச் சூடாக்கியும் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும். அதில் ட்ரெட்மில்லையும் சேர்த்தால் பிரேக்கர் விழும். ஓட்டத்தின் நடுவே பெல்ட் திடீரென நிற்கும். புதிய வீடுகளில் இருக்கும் பாதுகாப்புப் பிரேக்கர்கள் மோட்டாரின் மின்னிரைச்சலைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு காரணமில்லாமலே விழுவதும் உண்டு. வாங்கும்முன் கையேட்டில் இதைப் பற்றி நிறுவனம் என்ன சொல்கிறது என்று படியுங்கள். மெல்லிய நீட்டிப்பு வயரில் இணைக்கவே வேண்டாம். அதில் மின்னழுத்தம் குறையும், வயரும் மோட்டாரும் சூடாகும். புது சர்க்கியூட் போடுவதானால் உரிமம் பெற்ற மின்வேலை ஒப்பந்தக்காரரையே அழையுங்கள். ஒன்ராறியோவில் அந்த வேலை மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கப்பட வேண்டியது. தெரிந்த பையன் மலிவாகச் செய்வான் என்று விடாதீர்கள். அது உங்கள் பிள்ளைகள் தூங்கும் வீடு.

கராஜில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், சூடாக்காத கராஜில் வேண்டவே வேண்டாம். குளிரில் எண்ணெய் இறுகும், பெல்ட் விறைக்கும், வெப்பம் மாறும்போது மின்பலகையில் ஈரம் படியும். பல நிறுவனங்கள் கராஜில் வைத்த இயந்திரத்துக்கு உத்தரவாதமே தருவதில்லை. பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் மேல்தளத்தில் வைக்கவேண்டியிருக்கும். அப்போது அறையின் நடுவில் வைக்காமல் பாரந்தாங்கும் சுவரோரமாக, அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டு வையுங்கள். கீழே இருப்பவர்களிடம் எந்த நேரத்தில் ஓடினால் தொந்தரவில்லை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நம் வீடுகளில் மூன்று தலைமுறை சேர்ந்திருக்கும். தவழும் பிள்ளை எந்த நேரமும் எந்த அறைக்குள்ளும் வரும். 2021 மே மாதம் பெலொட்டன் நிறுவனம் அமெரிக்காவில் ஏறக்குறைய 1,25,000 'ட்ரெட் பிளஸ்' இயந்திரங்களைத் திரும்பப் பெற்றது. பிள்ளைகளும் செல்லப்பிராணிகளும் பொருட்களும் இயந்திரத்தின் பின்பக்க அடியில் இழுபட்ட 70க்கும் அதிகமான சம்பவங்கள் அதற்கு முன் பதிவாகியிருந்தன. ஒரு பிள்ளை இறந்துபோனது. எந்த ட்ரெட்மில்லும் இந்த அபாயத்துக்கு முழு விலக்கல்ல. பின்னால் இரண்டு மீற்றரும் பக்கங்களில் அரை மீற்றரும் வெறுமையாக விடுங்கள். பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். விழுந்தவர் சுவருக்கும் பெல்ட்டுக்கும் இடையில் சிக்கிக்கொள்வார். ஓடும்போது பாதுகாப்புச் சாவியின் கிளிப்பை உடுப்பில் மாட்டுங்கள். ஓடி முடித்ததும் சாவியைக் கழற்றிப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அறைக்குக் கதவு இருந்தால் பூட்டுங்கள். இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம்.

இயந்திரத்தின் தரத்தைப் பற்றி நிறுவனமே உண்மை பேசும் இடம் ஒன்று உண்டு. அது உத்தரவாதப் பத்திரம். சட்டகத்துக்கு ஆயுள் முழுவதும் என்று பலரும் எழுதுவார்கள். சட்டகம் உடைவது அரிது. மோட்டாருக்கும் தாராளமாக எழுதுவார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது உதிரிப்பாகங்களுக்கும் திருத்துகூலிக்கும் எத்தனை ஆண்டு என்பதை. மின்கட்டுப்பாட்டுப் பலகை, பெல்ட், உருளை, திரை எல்லாம் அந்த 'உதிரிப்பாகங்கள்' என்ற சொல்லுக்குள்தான் வருகின்றன, பழுதாவதும் அவைதான். உதிரிப்பாகங்களுக்கு ஒரே ஆண்டும் கூலிக்கு மூன்று மாதமும் தருகிற நிறுவனம் தன் பொருளைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அங்கேயே சொல்லிவிடுகிறது.

பெயர் கேட்கிறீர்கள். ஒரு மாதிரியைச் சொல்லி அதை வாங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மாதிரிகள் ஆண்டுதோறும் மாறும். ஜிம்களுக்கும் இயந்திரம் செய்கிற நிறுவனங்களிலிருந்து தேடத் தொடங்குங்கள். தாய்வானின் ஜோன்சன் நிறுவனம் வீடுகளுக்கு 'ஹொரைசன்' என்ற பெயரிலும் ஜிம்களுக்கு 'மேட்ரிக்ஸ்' என்ற பெயரிலும் செய்கிறது. அதே நாட்டின் டயாகோ நிறுவனம் 'ஸ்பிரிட்', 'எக்ஸ்டெரா' ஆகியவற்றின் பின்னால் இருக்கிறது. இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு உதிரிப்பாகக் கிடங்கும் திருத்துநர் வலையும் தேவையாகவே இருக்கும். எந்தப் பெயராக இருந்தாலும் வாங்கும்முன் தொலைபேசி எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்: என் அஞ்சல் குறியீட்டுக்குத் திருத்துநரை அனுப்புவீர்களா? உதிரிப்பாகம் கனடாவுக்குள்ளேயே இருக்கிறதா? வீட்டுக்குக் கொண்டுவருவது தெருவோரம் வரையா, பேஸ்மென்ட் வரையா? கடைசிக் கேள்வியை மறந்தவர்கள் நூற்றிருபது கிலோப் பெட்டியோடு பனியில் நிற்கவேண்டி வரும்.

பெரிய திரை உள்ள இயந்திரங்களில் மாதச் சந்தா உண்டா என்று கேளுங்கள். சந்தாவை நிறுத்தினால் வேகத்தையும் ஏற்றத்தையும் கையால் மாற்றி ஓட முடியுமா என்பதையும் உறுதிசெய்யுங்கள். திரைக்குக் கொடுக்கும் பணத்தை மோட்டாருக்கும் பலகைக்கும் கொடுப்பதே நம் நோக்கத்துக்குச் சரி. படம் பார்க்க ஒரு பழைய டெப்லெட் போதும்.

ஜிம் மூடும்போது விற்கும் பழைய இயந்திரம் வாங்கலாமா என்றால், வாங்கலாம், சில நிபந்தனைகளோடு. அவை கடுமையாக உழைக்கச் செய்யப்பட்டவை. ஆனால் பலவற்றுக்கு 20 அம்பியர் தனிப் பிளக் வேண்டும். இருநூறு கிலோவரை கனக்கும். பழைய உத்தரவாதம் உங்களுக்கு வராது. உள்ளே பதிவாகியிருக்கும் மணிக்கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று பளபளத்தால் பெல்ட் தேய்ந்துவிட்டது.

வாங்கியபிறகு பராமரிப்பு. வீட்டு ட்ரெட்மில்கள் சாவதற்கு முதல் காரணம் உராய்வு. பெல்ட்டுக்கும் பலகைக்கும் இடையில் வழவழப்பு வற்றினால் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும். அந்தச் சூட்டில் முதலில் கருகுவது மின்கட்டுப்பாட்டுப் பலகை. கையேடு சொல்லும் இடைவெளியில் தூய சிலிக்கன் எண்ணெய் விடுங்கள். சமையலறை எண்ணெயோ கதவுக்கு அடிக்கும் ஸ்பிரேயோ வேண்டாம். சில பலகைகளுக்கு மெழுகு பூசியே வரும். அவற்றுக்கு எண்ணெயே விடக்கூடாது. கையேட்டைப் படிக்காமல் எதையும் ஊற்றாதீர்கள். நடுப்பகுதியில் பெல்ட்டைப் பிடித்துத் தூக்கினால் இரண்டு மூன்று அங்குலம் எழவேண்டும். எழாவிட்டால் இறுக்கம் கூடிவிட்டது. ஒரு பக்கம் ஒதுங்கினால் பின்னாலுள்ள திருகைக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு அடியிலும் சுற்றிலும் தூசி உறிஞ்சுங்கள். குளிர்காலத்தில் சூடாக்கி ஓடும் வீட்டுக் காற்று உலர்ந்து உடம்பில் நிலைமின் ஏறும். திரையைத் தொடும்போது சுள்ளென்று அடிப்பதும் திரை அணைந்து எழுவதும் அதனால்தான். அறையில் ஈரப்பதனூட்டி ஒன்றை வைத்தால் உங்கள் தொண்டைக்கும் இயந்திரத்துக்கும் நல்லது.

வேகம் சரிதானா என்று ஒரு முறையாவது சோதியுங்கள். பெல்ட்டின் முழுச் சுற்றளவைக் கையேட்டில் பாருங்கள், அல்லது பிளக்கைக் கழற்றிவிட்டு அளந்துகொள்ளுங்கள். 3.3 மீற்றர் என்று வைப்போம். ஓரத்தில் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டி, மணிக்கு 10 கிலோமீற்றரில் ஒருவரை ஓடவைத்து, இன்னொருவர் பக்கத்தில் நின்று அது 50 முறை சுற்ற எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 165 மீற்றர், 59.4 செக்கன் ஆகவேண்டும். 62 செக்கன் ஆனால் நீங்கள் ஓடுவது உண்மையில் 9.6 கிலோமீற்றர் வேகத்தில். இதைத் தெரிந்துகொண்டால் மார்ச் மாதம் ஏமாற்றம் இராது.

ஒரு விழுக்காடு ஏற்றத்தில் ஓடு என்று எல்லோரும் சொல்வார்கள். அது 1996இல் அன்ட்ரூ ஜோன்ஸும் ஜோனதன் டவுஸ்டும் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. வெளியே காற்றை எதிர்த்து ஓடுவதற்கு உடல் செலவிடும் சக்தியை அந்த ஏற்றம் ஈடுசெய்கிறது. ஆனால் அவர்கள் சோதித்தது மணிக்கு 10.5 முதல் 18 கிலோமீற்றர் வரையான வேகங்களில். அதைவிட மெதுவாக ஓடும் நாட்களில் சமதரையே போதும். ஏற்றத்தைவிட முக்கியமானது மின்விசிறி. உள்ளே காற்று வீசாது, வியர்வை உலராது, உடல் சூடேறி இதயத்துடிப்பு கூடும். நல்ல விசிறி ஒன்றை நேரெதிரே வையுங்கள். கிழமைக்கு ஒரு நாளாவது, தெரு துப்புரவாக இருக்கும் பகலில் வெளியே ஓடுங்கள். காற்றையும் இறக்கத்தையும் கால் மறந்துவிடக்கூடாது.

கடைசியாக, கூட்டமாக நாம் செய்யக்கூடிய மூன்றைக் கேட்டுக்கொள்கிறேன். டிசம்பர் 26 மலிவு விற்பனைக்குக் காத்திருக்காதீர்கள். அப்போது வாங்கினால் இயந்திரம் வந்து பூட்டி முடிய ஜனவரி பாதி போய்விடும், நவம்பரிலேயே முடியுங்கள். ஏற்கெனவே ட்ரெட்மில் வைத்திருப்பவர்கள் அதன் பெயர், வாங்கிய ஆண்டு, நடந்த பழுது, திருத்த வந்தவர் எப்படிச் செய்தார் என்பதை எழுதிக் கொண்டுவாருங்கள். அடுத்த ஞாயிறு ஓட்டத்துக்குப் பிறகு அதை ஒரே தாளில் சேர்த்து எல்லோருக்கும் கொடுப்போம். எந்த விளம்பரத்தையும்விட அந்தத் தாள் நமக்கு உதவும். வாங்க வசதியில்லாதவர்கள், இடமில்லாதவர்கள் நம்மிடையே உண்டு. உங்கள் பேஸ்மென்ட் கதவைக் கிழமைக்கு ஓரிரு முறை அவர்களுக்குத் திறந்துவிடுங்கள். ஒருவர் ஓட மற்றவர் பக்கத்தில் நின்று பேசினால் 20 கிலோமீற்றர் நீளமாகத் தெரியாது.

இந்தக் கிழமை செய்யவேண்டியது இவ்வளவுதான்: கூரை உயரத்தை அளந்துபாருங்கள், பிளக் எந்தப் பிரேக்கரில் இருக்கிறது என்று பாருங்கள், தொலைபேசி எடுத்து அந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஞாயிறு காலை என்னைக் கேளுங்கள். கடைக்கு உங்களோடு வரவும் தயார்.

அன்புடன்,
உங்களோடு ஓடும் ஒருத்தி